மேடையில் அழுக்கன் யார்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றின் பள்ளி ஆண்டு விழாவிற்கு நாம் சென்றிருந்தோம். வேப்ப மரத்தடியில் பந்தல்; பெஞ்சுகளை அடுக்கி அமைத்த மேடை; வண்ணத் தாள் தோரணம். பாட்டும் பேச்சுப் போட்டியும் முடிந்தபின், 'சுத்தம்' என்ற பெயரில் சிறுவர் நாடகம் ஒன்று நடந்தது. கதை எளியது. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் கை கழுவி உண்பவன்; தம்பி கழுவாதவன். கறுப்பு உடையும் காகிதக் கொம்பும் அணிந்த கிருமிகள் நால்வர் கூத்தாடிக்கொண்டு வந்து தம்பியைப் பற்றிக்கொள்கின்றனர். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள்கிறான். மருத்துவர் வருகிறார், ஊசி போடுகிறார், உபதேசம் செய்கிறார். கிருமிகள் அலறி ஓடுகின்றன. பந்தல் அதிரக் கைதட்டினார்கள். நாமும் தட்டினோம்.

தம்பியாக நடித்த சிறுவனுக்கு ஒப்பனை ஏதும் தேவைப்படவில்லை. அவன் விரலிடுக்குகளில் சிரங்கு இருந்தது. அதனாலேயே அந்த வேடத்திற்கு அவன் தேர்ந்தெடுக்கப்பட்டான் என்பதைப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒருவர் சிரித்தபடி கூறினார். விழா முடிந்து பிள்ளைகள் கலைந்தபோது நான்கைந்து பேர் அவனைச் சூழ்ந்துகொண்டு, 'அழுக்கா, அழுக்கா' என்று கூவினர். நாடகத்தில் அவனுக்கு இட்டிருந்த பெயர் அதுதான். சுவரோரம் நின்றிருந்த அவன் தாய் ஒரு சொல்லும் பேசாமல், தம் முந்தானையால் அவன் கைகளை மூடி அழைத்துச் சென்றார்.

கை கழுவலாம் என்று எண்ணிக் குழாயைத் தேடினோம். குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. சோப்பு இருந்ததற்கான அடையாளமே அங்கு இல்லை.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. அந்த நாடகம் நன்மை செய்ததா, தீமை செய்ததா? தொற்று நோயிலிருந்து பிள்ளைகளைக் காப்பது உயர்ந்த நோக்கம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், நோக்கம் உயர்ந்தது என்பதற்காக, அச்சத்தையும் அருவருப்பையும் அவமானத்தையும் கருவிகளாகக் கையாள நமக்கு உரிமை உண்டா? வாசக நேயர்களோடு சேர்ந்து இதனைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

வேடம் ஒட்டிக்கொள்ளும்

நாடகத்தின் வலிமையை நம் தமிழகத்திற்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் எழுத்தறியாதிருந்த காலத்தில் கதையும் நீதியும் வரலாறும் அவர்களை மேடை வழியாகவே எட்டின. சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே நாடகக் குழுவை நடத்தினார். 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அழைத்த அத்தகைய குழுக்களில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் அரசராகவும் அரசியாகவும் நின்று ஆயிரம் பேரை அழ வைத்தனர். செட்டிநாட்டுக்கோ நாடகம் அயலானதன்று. திருவிழாக் காலங்களில் விடியவிடிய நாடகம் நடத்தும் வழக்கம் இப்பகுதி ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது. 1947இல் காரைக்குடியில் ஏவி.எம். நிறுவனத்தார் உருவாக்கிய 'நாம் இருவர்' திரைப்படமும் மேடை நாடகம் ஒன்றிலிருந்து பிறந்ததே.

மேடையின் வலிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. ஔவையாராக வேடமிட்ட தி.க. சண்முகம் தம் வாழ்நாள் முழுதும் 'அவ்வை சண்முகம்' ஆனார். நவாபாக நடித்த ராஜமாணிக்கம் 'நவாப் ராஜமாணிக்கம்' என்றே இன்றளவும் அறியப்படுகிறார். திரை விழுந்த பின்னும் வேடம் கலையவில்லை, ஆளோடு ஒட்டிக்கொண்டது. பெருமைக்குரிய வேடமாதலால் அவர்களுக்கு அது பட்டமாயிற்று. நாம் கண்ட சிறுவனுக்கு ஒட்டியதோ வேறு பெயர். அதுவும், பெரியவர்கள் எழுதிக் கொடுத்து, ஆசிரியர்கள் ஒத்திகை பார்த்து, ஊர் கைதட்டி வழங்கிய பெயர்.

இதிலுள்ள அநீதியை அறிய, அவனது சிரங்கைப் பற்றிய உண்மையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். விரலிடுக்குகளில் வந்து இரவெல்லாம் அரிக்கும் அத்தகைய சிரங்கு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணி ஒன்று தோலுக்குள் வளைந்து முட்டையிடுவதால் வருவது. ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் வீடுகளிலும், விடுதிகளிலும், நெரிசல் மிகுந்த குடியிருப்புகளிலும் உடலோடு உடல் உரசுவதால் அது பரவுகிறது. நாள்தோறும் குளிப்பவரையும் அது விடுவதில்லை. மருந்து பூசினால் தீரும். ஆனால், அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் பூசிக்கொள்ளல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆக, அந்தச் சிறுவனுடைய கைகள் இடநெருக்கடியின் அடையாளமாய் இருந்தனவேயன்றி, அழுக்கின் அடையாளமாய் இருக்கவில்லை. அறிவைப் பரப்ப வந்த நாடகம், ஒரு பிள்ளையைப் புண்படுத்தியதோடு ஒரு பொய்யையும் பரப்பிவிட்டது.

நோயும் பாவமும்

தமிழ் மேடையில் தொற்று நோய் ஒன்று பெரும் பாத்திரமாகவே தோன்றிய வரலாறு நமக்கு உண்டு. திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடித்துப் புகழ் ஈட்டிய 'ரத்தக் கண்ணீர்' அது. 1954இல் திரைப்படமாகவும் வந்தது. மேல்நாடு சென்று திரும்பிய செல்வன் ஒருவன், பெற்ற தாயையும் கட்டிய மனைவியையும் இகழ்ந்து, விலைமகளிடம் பொருளையெல்லாம் இழந்து, முடிவில் தொழுநோயாளியாகித் தெருவில் அலைகிறான். செல்வச் செருக்கையும் போலி நாகரிகத்தையும் அந்நாடகம் சாடிய சாட்டை நிகரற்றது. ராதாவின் நடிப்பைக் கண்டவர் மறந்ததில்லை.

ஆயினும், தொழுநோய் ஒருவனது ஒழுக்கக் கேட்டிற்குக் கிடைத்த தண்டனை என்ற எண்ணம், காண்போர் நெஞ்சில் அக்கதையோடு சேர்ந்தே பதிந்திருக்கும் அன்றோ! மருத்துவ உண்மையோ அதற்கு மாறானது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873லேயே கண்டறிந்தார். அது எளிதில் தொற்றுவதுமன்று. மனிதரில் மிகப் பெரும்பாலோரின் உடல் இயல்பாகவே அதனை எதிர்த்து நிற்கும். 1980களில் பரவலான கூட்டு மருந்து முறை அதனை முற்றாகக் குணமாக்கவல்லது. எனினும், நோயாளிகள் ஊருக்கு வெளியே வாழ நேர்ந்தது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பதை மணவிலக்கிற்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகளை நம் நாடாளுமன்றம் நீக்கியது 2019இல்தான். மருந்து வந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் பழி நீங்கவில்லை.

இதற்கு ஒரு நாடகத்தை மட்டும் பொறுப்பாக்குதல் முறையாகாது. சமூகத்தின் நெஞ்சில் முன்பே இருந்த எண்ணத்தைத்தான் மேடை எடுத்தாண்டது. நாம் சொல்ல வருவது இதுவே: 'கெட்டவனுக்கு நோய் வரும்' என்று மேடை காட்டினால், 'நோய் வந்தவன் கெட்டவன்' என்று பந்தல் புரிந்துகொள்கிறது. முதல் வாக்கியம் எச்சரிக்கை போலத் தோன்றும், இரண்டாவது, தீர்ப்பு. குழந்தையின் மனத்தில் இவ்விரண்டிற்கும் இடையே இடைவெளி இல்லை.

அருவருப்பு பயன் தருகிறதே!

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். அதனை ஒதுக்கிவிட்டுச் செல்லுதல் நேர்மையன்று.

நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், 2011ஆம் ஆண்டில், 14 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அவற்றுள் 7 கிராமங்களில் சோப்பிட்டுக் கை கழுவுதலை வளர்க்கப் படமும் குறுநாடகமும் விளையாட்டும் உறுதிமொழியுமாக ஓர் இயக்கம் நடத்தினர். 7 கிராமங்களை ஒப்பீட்டிற்காக விட்டுவைத்தனர். கிருமியைப் பற்றியும் நோயைப் பற்றியும் விரிவுரை செய்யாமல், மனித உணர்வுகள் இரண்டைத் தொட்டனர். ஒன்று, பிள்ளையை நல்லவனாக வளர்க்க விரும்பும் தாயின் அன்பு. 'சூப்பர் அம்மா' என்ற பாத்திரம் அதன் வடிவம். மற்றொன்று அருவருப்பு. அதற்கு 'லட்டு லிங்கம்' என்ற நகைச்சுவைப் பாத்திரத்தைப் படைத்தனர். அசுத்தமான கைகளால் லட்டுப் பிடிக்கும் மனிதன் அவன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, கழுவ வேண்டிய வேளைகளில் சோப்பிட்டுக் கழுவியது இயக்கம் நடந்த ஊர்களில் 19 விழுக்காடு. மற்ற ஊர்களில் 4 விழுக்காடு. ஆறு மாதத்தில் அது 37 ஆகவும் 6 ஆகவும் இருந்தது.

இந்த எண்கள் சிறியனவல்ல. சோப்பிட்டுக் கை கழுவுதல் வயிற்றுப்போக்கு நோய்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கக்கூடியது என்பது பல ஆய்வுகளின் முடிவு. வயிற்றுப்போக்கோ, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளைக் கொல்லும் பெரும் நோய்களுள் ஒன்று. ஆகவே, 'அருவருப்பு உயிரைக் காக்கிறது. ஒரு சிறுவன் மனம் நோவது பெரிதா, பல குழந்தைகள் பிழைப்பது பெரிதா?' என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியை நாம் புறந்தள்ள இயலாது.

ஆனால், லட்டு லிங்கத்தை நம் ஊர்ப் பள்ளி மேடையில் நின்ற சிறுவனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிங்கம் கற்பனை மனிதன், வளர்ந்தவன், கழுவ வாய்ப்பிருந்தும் கழுவாதவன். பார்வையாளரில் எவர் பக்கமும் விரல் நீட்டி, 'அதோ லிங்கம்' என்று சொல்வதற்கில்லை. மக்கள் அருவருத்தது ஒரு செயலை. ஓர் ஆளை அன்று. மேலும், அருவருப்பு அங்கே தனியாக நிற்கவில்லை. தாயன்பு அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சிரங்கு பிடித்த சிறுவனோ உண்மையானவன். நாளையும் அதே வகுப்பில் அமர வேண்டியவன். தன் வீட்டின் நெருக்கடியை மாற்றும் ஆற்றல் இல்லாதவன். எனவே, சிலரின் மானமா, பலரின் உயிரா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே இங்கு இல்லை. மானத்தைக் காத்தபடியே உயிரையும் காக்கலாம் என்பதற்குச் சித்தூரே சாட்சி.

மானத்தைச் சிதைத்தால் உயிரைக் காப்பதும் கடினமாகிவிடும் என்பதற்கு வரலாறு இன்னொரு சாட்சியைத் தருகிறது. 1847இல் வியன்னா நகர மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளோடு மகப்பேறு பார்க்க வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. எனினும், அக்கால மருத்துவர் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. தாய்மாரைக் கொன்றவை தம் கைகளே என்று ஒப்புக்கொள்ள அவர்களால் இயலவில்லை. செம்மல்வைஸ் 1865இல் மனநோய் விடுதியில் மாண்டார். கற்றறிந்த மருத்துவர்களே அவமானத்திற்கு அஞ்சி உண்மைக்குக் கண்ணை மூடிக்கொண்டனரெனில், பத்து வயதுச் சிறுவன் என்ன செய்வான்? சிரங்கு வந்தால் கையைச் சட்டைப் பைக்குள் மறைப்பான். காசநோய் வந்த வீடு இருமலை மறைக்கும். மறைக்கப்பட்ட நோய் மருத்துவரிடம் செல்லாது. அண்டை வீட்டிற்குச் செல்லும்.

ஊருணி கற்பித்த பாடம்

அப்படியாயின், பழியை எங்கே வைப்பது? இதற்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. செட்டிநாட்டின் ஊருணிகளுக்கே செல்வோம்.

மழைநீரைத் தேக்கி ஊரே குடித்த காலத்தில், நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோய் பழைய இராமநாதபுரம் மாவட்டப் பகுதிகளிலும் நாட்டின் வறண்ட பல பகுதிகளிலும் மக்களை முடக்கியது. அதன் வழி விந்தையானது. நீரில் வாழும் கண்ணுக்கு எட்டாச் சிறு பூச்சியோடு புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் செல்லும். ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்த புழு, காலில் கொப்புளம் எழுப்பி வெளிப்படும். எரிச்சல் தாளாமல் நோயாளி படிக்கட்டில் இறங்கிக் காலை நீரில் நனைப்பார். புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் உமிழும். அந்நீரை ஊர் குடிக்கும்.

இதில் குற்றவாளி யார்? வலி பொறாமல் காலை நனைத்தவரா? அவரும் முந்தைய ஆண்டு எவரோ நனைத்த நீரைக் குடித்தவரன்றோ? அவருக்கு முன்னவர்? இச்சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்து, 'நீதான்' என்று சொல்வது? ஆளைத் தேடினால் முடிவே இல்லை. வழியைத் தேடினால் தெளிவு உண்டு. காலும் குடிநீரும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பை நிறுத்தினால் போதும். குடிநீர் ஊருணியில் கால் வைக்கலாகாது என்று பல ஊர்கள் வைத்திருந்த கட்டுப்பாட்டின் பொருளும் இதுவே.

1980களில் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் நடந்தது. நீரைத் துணியால் வடிகட்டக் கற்பித்தனர்; படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினர்; ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டினர். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. குணமாக்கும் மருந்தும் இல்லை. இருந்தும், நாட்டின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்தியா நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று சான்று பெற்றது. தமிழகம் அதற்கு வெகு முன்பே விடுபட்டுவிட்டது. கற்பித்தலும் கட்டுமானமும் கைகோத்த வெற்றி இது. வடிகட்டுமாறு சொன்னவர்கள் வடிகட்டும் துணியையும் கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது.

பழி நம் வாசலுக்கு வந்த நாள்

நோயின் வழியை விட்டு ஆளைத் தேடினால் என்ன நேரும் என்பதை 2020இல் நாம் அனைவரும் கண்டோம். கொரோனாத் தொற்றால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல், கூடிய கூட்டம் கல்லெறிந்தது. பிறருக்கு மருத்துவம் பார்த்த மனிதருக்கு ஆறடி மண் கிடைப்பதே அரிதாயிற்று. அதே மாதங்களில், தில்லி நிஜாமுதீனில் நடந்த கூட்டம் ஒன்றைக் காரணம் காட்டி, நம் சமுதாயத்தின் மீதே நோய்ப் பழி சுமத்தப்பட்டது. காய்கறி வண்டிக்காரரிடம் பெயரைக் கேட்டு விலகிச் சென்றவர் உண்டு. அவ்வழக்குகளை விசாரித்த மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, 2020 ஆகஸ்டில் அவற்றை ரத்து செய்தது. அக்கூட்டத்திற்கு வந்த வெளிநாட்டினர் பலியாடுகளாக்கப்பட்டிருக்கலாம் என்றும் குறிப்பிட்டது. அத்தொற்றுக் காலத்தில் நம் இளைஞர்கள் பலர், உற்றாரும் தொட அஞ்சிய உடல்களை மதவேற்றுமை பாராமல் சுமந்து சென்று இறுதிக் கடன் ஆற்றியதையும் தமிழகம் அறியும்.

அந்நாளில் நம் நெஞ்சில் தைத்த முள் எதுவோ, அதுதான் அன்று பள்ளி மேடையில் நின்ற சிறுவன் நெஞ்சிலும் தைத்தது. அவன் எந்தச் சமுதாயத்துப் பிள்ளை என்பதை நாம் இங்கே சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பழி சுமந்த வலியை அறிந்தவர்கள் பிறர் மீது பழி சுமத்தத் துணியலாகாது.

நம் வீடுகளிலும் எண்ணிப் பார்க்க வேண்டியவை உண்டு. நாளைக்கு ஐந்து முறை ஒளுச் செய்கிறோம். ஆகவே தூய்மை நமக்குப் பிறவிச் சொத்து என்று எண்ணிக்கொள்கிறோம். ஒளு வழிபாட்டிற்குரிய தூய்மை. கழிப்பறையிலிருந்து வந்த கைக்குச் சோப்பு வேறு தேவை. ஒரே சஹனில் நால்வர் கைவைத்து உண்ணும் நம் விருந்து, சகோதரத்துவத்தின் அழகிய சின்னம். ஒருவர் கை கழுவாதிருந்தால் அதே சஹன் நால்வருக்கும் நோயைப் பங்கிடும். சகோதரன் மீதுள்ள அன்பு சஹனில் அமர்வதற்கு முன், கை கழுவும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. நோயுற்றவரை நலம் விசாரிக்கச் செல்வதை நம் முன்னோர் கடமையாகவே கொண்டனர். நோயைத் தடுக்கும் கல்வி அந்தக் கடமையை நம் பிள்ளைகள் மறக்கும்படி செய்துவிடலாகாது.

நாடகம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் கவலையை நாம் இகழவில்லை. இங்கே நாம் கேட்பது ஆடம்பர மேடையை அன்று. வகுப்பறையில் இரண்டு பிள்ளைகள் நின்று பேசும் உரையாடலே போதும்.

மேடை ஏறுமுன் மூன்று கேள்விகள்

ஆகவே, பள்ளியில் நலக்கல்வி நாடகம் போட விரும்பும் ஆசிரியரும் பெற்றோரும் முதலில் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலாவது: இந்நாடகத்தில் சிரிப்புக்கு உள்ளாகும் ஆள், தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்ளக் கூடியவனா? வீட்டில் தண்ணீர் இல்லாத பிள்ளையைக் குளிக்காதவன் என்று காட்டினால், அது வறுமையைக் கேலி செய்வதாகும்.

இரண்டாவது: சிரிப்பவர்கள் தங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, அடுத்தவனைப் பார்த்தா? நம் பகுதி நாடகங்களில் முதலில் மேடைக்கு வரும் பபூனை நினைத்துப் பாருங்கள். அவர் தம்மையே கோமாளியாக்கிக் கொள்கிறார். தம் அசட்டுத்தனத்தைத் தாமே அவிழ்க்கிறார். சிரித்து முடித்த பின்பே, 'அடடா, இது நம் கதையல்லவா' என்று பார்ப்பவருக்கு உறைக்கிறது. புண்படுத்தாமல் திருத்தும் கலை நம் மண்ணிலேயே இருக்க, நாம் ஏன் ஒரு குழந்தையைத் தேடிப் பிடிக்க வேண்டும்?

மூன்றாவது: மேடையிலிருந்து இறங்கும் பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் உண்டா? 1982 முதல் சத்துணவும், 2022 முதல் காலை உணவும் அரசுப் பள்ளிகளில் பரிமாறப்படுகின்றன. பிள்ளைகள் நாள்தோறும் கூடி உண்ணும் இடம் அது. கழுவு என்று பாடிவிட்டுக் குழாயை வறண்டிருக்க விடுவது, பெரியவர் செய்ய வேண்டியதைச் சிறுவர் தலையில் ஏற்றுவதாகும். நார்வே நாடகாசிரியர் இப்சன் 1882இல் எழுதிய 'மக்களின் பகைவன்' நாடகத்தில், ஊரின் குளியல் நீர் மாசுபட்டது என்று உண்மை கூறிய மருத்துவரையே ஊரார் பகைவன் என்கின்றனர். ஏனெனில், அவ்வுண்மை ஊர்ப் பெரியவர்களின் வருவாயைத் தொட்டது. பிள்ளைகளின் நாடகமும் சில வேளைகளில் பெரியவர்களைத் தொடும். 'தலைமையாசிரியரே, தண்ணீர் எங்கே? ஊராட்சித் தலைவரே, கழிப்பறைக் கதவு எங்கே?' என்று ஒரு சிறுவன் மேடையில் நின்று கேட்பானாயின், முகம் சுளிக்காமல் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அந்தத் துணிவு இல்லாவிடில், நாம் நடத்துவது நலக்கல்வியாகாது. பிள்ளைகளுக்கு அடக்கம் கற்பிக்கும் வேறொரு பாடமாகும்.

மறு ஆண்டு

அதே பள்ளிக்கு மறு ஆண்டும் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. முந்தைய நாடகத்தைப் பயிற்றுவித்த ஆசிரியைக்கும் அன்று நடந்தது உறுத்தியிருந்தது போலும். இம்முறை குல்லாய் அணிந்து பபூனாக மேடைக்கு வந்தவர் அவரே. 'நான் படித்தவள், என் கையில் கிருமி வருமா?' என்று கேட்டபடி, உள்ளங்கையில் மஞ்சள்பொடியைப் பூசிக்கொண்டு எல்லாரிடமும் கைகுலுக்கினார். தலைமையாசிரியர் கை மஞ்சளாயிற்று. சிறப்பு விருந்தினர் கை மஞ்சளாயிற்று. நம் கையும் மஞ்சளாயிற்று. பந்தல் முழுவதும் தன் தன் கையைப் பார்த்துச் சிரித்தது. எவர் கையில் முதலில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கே கழுவுவது என்றே கேட்டார்கள்.

குழாயில் தண்ணீர் வந்தது. பெற்றோர் சிலர் சேர்ந்து பழுது பார்த்துக் கொடுத்திருந்தனர். சோப்புத் துண்டை நீட்டியபடி அங்கே ஒரு சிறுவன் நின்றிருந்தான். சென்ற ஆண்டு அழுக்கனாக நடித்தவன் அவனே. வீட்டார் அனைவரும் ஒருசேர மருந்து பூசிக்கொண்டதில் விரல்கள் ஆறியிருந்தன. இலேசான தழும்புகள் மட்டும் எஞ்சியிருந்தன. 'இன்னும் மஞ்சள் போகவில்லை, நன்றாகத் தேயுங்கள்' என்று நமக்கு உத்தரவிட்டான். பணிந்து தேய்த்தோம்.

நாடகம் ஒன்றே, கலை ஒன்றே, சொல்ல வந்த செய்தியும் ஒன்றே. முதல் ஆண்டு அது ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தி ஊரைத் தூய்மையானதாகக் காட்டியது. மறு ஆண்டு ஊரையே ஒரு வரிசையில் நிறுத்திக் கை கழுவ வைத்தது. தொற்று என்பதன் பொருளே நாம் ஒருவரோடு ஒருவர் பிணைந்தவர்கள் என்பதுதான். அந்தப் பிணைப்பைப் பழியாக்குவதும் பொறுப்பாக்குவதும் கற்பிப்பவர் கையில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் பள்ளியில் அடுத்த விழாவிற்கு ஒத்திகை தொடங்கும்போது, அழுக்கன் வேடம் யாருக்கு என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டறிவோமாக. அவ்வேடத்திற்கு ஆள் தேவையெனில், முதலில் நம் பெயரைக் கொடுப்போமாக!